உஷ் பாயும் உறுமும் கம்ப்யூட்டரும்

அமைதி வேண்டும் என்பதற்காக இந்தப் பூமியிலேயே அதிகமாகச் சத்தம் போட்ட மனிதர் எங்கள் உஷ் பாய்தான். புதுச்சேரிப் பக்கம் பாகூர் கொம்யூனில் ஊர் ஊராகச் சலித்துப் பார்த்தாலும் இன்னொருவர் கிடைக்க மாட்டார். காக்கா கத்தினால் காக்காவைப் பார்த்து உதட்டில் விரலை வைத்து ‘உஷ்’ என்பார். கடலூர் பஸ் ஹாரன் அடித்தால் வாசலுக்கு ஓடிவந்து, பஸ் தெருமுனை திரும்பிப் போன பிறகும் அந்தத் திசையில் ‘உஷ் உஷ்’ என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒருமுறை கடைக்கு வந்த அரசு அலுவலர் ஒருவர் தும்முவதற்காக மூக்கைத் தூக்கிய அதே நொடியில் இவர் ‘உஷ்’ என்றார். தும்மல் பயந்துபோய் அப்படியே உள்ளே திரும்பிவிட்டது. “பாவம் அந்த மனுசன், அது எந்தப் பக்கமா வெளிய வந்துச்சோ” என்று பாயின் மனைவி ரெண்டு நாள் கவலைப்பட்டார்.

அவருடைய உண்மைப் பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது. ஊருக்கு அவர் உஷ் பாய். அவர் மனைவி எங்களுக்கெல்லாம் பாயம்மா.

பாகூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு அறைக் கடை அவருடையது. முன்னறையில் ஒரு மேசை. பின்னறையில் ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், சுவர் முழுக்க ஆணியடித்த பழைய கம்பளிகள். அதற்கும் பின்னால் அவர்கள் வீடு. ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் அறிவிப்புகள் இருக்கின்றன அல்லவா, கூழ் வார்க்கும் விழா, கண் சிகிச்சை முகாம், ஜவுளிக்கடைத் திறப்பு, துக்கச் செய்தி, அவையெல்லாம் அங்கேதான் பதிவாகும். குரல் என்னுடையது.

நான் அந்த வேலையில் சேர்ந்த கதையே ஒரு சண்டைதான். குருவிநத்தத்தில் என் வீடு. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் டைப் செய்ய அந்தப் பக்கம் வந்தேன். என் சேலையில் சேற்றை அடித்துவிட்டுப் போன ஆட்டோக்காரரை நடுரோட்டில் நிறுத்தி, அவருடைய வம்சாவளியை விசாரித்துக்கொண்டிருந்தேன். உஷ் பாய் வெளியே வந்தார். வழக்கமாக உதட்டுக்குப் போகும் விரல் அன்று பாதி வழியில் நின்றுவிட்டது.

“யம்மா, நீ யாரு வூட்டுப் பொண்ணு? இம்மாங் கோவத்துலயும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா வந்து வுழுதே! உள்ள வா. அத்தயே மைக்குல சொல்லு.”

ஆட்டோக்காரரைத் திட்டியதை மைக்கில் சொல்ல முடியாது என்பதால் கெங்கையம்மன் கோயில் செடல் திருவிழா அறிவிப்பைப் படித்தேன். மறுநாளே வேலை. ஆறு வருடம் அந்தக் கம்பளி அறையில் இருந்தேன்.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வில்லன் இருந்தான். மேசைக்கடியில் உட்கார்ந்திருந்த அந்தக் கம்ப்யூட்டர். புதுச்சேரியில் யாரோ சேர்த்துக் கொடுத்த பழைய பெட்டி. அதற்குள் ஒரு சின்ன ஃபேன். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் சூடாகாமல் இருப்பதற்காகச் சுற்றுவது. அது சுற்றும் வேகத்தைக் கேட்டால், இன்னும் கொஞ்ச நேரத்தில் பெட்டி தரையைவிட்டுக் கிளம்பிவிடும் என்று தோன்றும். அறைக்குள் கேட்கும்போது அது வெறும் ‘உர்ர்ர்’. மைக் வழியாக ஏறி, ஆட்டோவின் குழாய் ஸ்பீக்கரில் இறங்கும்போது அது அறுவடை எந்திரமாகவே மாறிவிடும்.

மாறியது. பரிக்கல்பட்டுப் பக்கம் ஒரு துக்க அறிவிப்பு போனது, வயலில் நெல் அறுப்புக்குத் தயாராக நின்ற நேரம். என் குரலுக்குப் பின்னால் வந்த உறுமலைக் கேட்டு நாலைந்து விவசாயிகள் சாலைக்கு ஓடிவந்து ஆட்டோவை மறித்திருக்கிறார்கள். “மிஷினு எங்கப்பா? எங்க கொல்லைக்குத்தான் மொதல்ல வரணும்.” இறந்தவரின் மகன் மறுநாள் மொட்டைத் தலையோடு கடைக்கு வந்தார்.

“இன்னா பாய் இது? எங்கப்பா செத்த சேதிய சொல்லச் சொன்னா, பின்னாடி ரைஸ் மில்லு ஓட்டி வச்சிருக்கீங்க!”

உஷ் பாய் அன்று சாப்பிடவில்லை. அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். ஃபேன் சத்தத்தை மட்டும் நீக்கித் தரும் மென்பொருள் ஒன்று கிடைத்தது. அதில் போட்டோம். சத்தம் போயிற்று. கூடவே என் குரலின் உயிரும் போயிற்று. கிணற்றுக்குள் விழுந்த ஒருத்தி உதவிக்குக் கூப்பிடாமல், ‘அன்பார்ந்த பொதுமக்களே’ என்று சாவதானமாகப் பேசுகிற மாதிரி இருந்தது.

“அழுக்கத் துணியோட சேத்துக் கிழிச்சா அது வெளுக்கறதா?” என்றார் பாய். “ஒழிக்கணும்னா அத்த அங்கயே ஒழிக்கணும்.” விரல் மேசைக்கடியை நோக்கி நீண்டது. போர் தொடங்கியது.

முதல் தாக்குதல் மெத்தை. வீட்டிலிருந்து இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிவந்து கம்ப்யூட்டரைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். அடடா, என்ன அமைதி! “பாத்தியா?” என்று கண்ணாலேயே கேட்டார். நான் படிக்க ஆரம்பித்தேன். ‘அனைவரும் குடும்பத்தோடு வந்திருந்து அம்மனின் அருளைப்’ என்பதற்குள் திரை இருண்டது. மெத்தையைப் பிரித்தால், ஆவி பறக்காத குறை. மூச்சுவிட வழியில்லாத பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிட்டது.

“அதுக்கும் காத்து வேணும் பாய்” என்றேன்.

“வேணுந்தான். ஆனா சொல்லிக்கினே மூச்சு வுடணுமா?”

அன்றிலிருந்து அவருக்குப் புதுக் கவலை சேர்ந்தது. சத்தமும் வரக்கூடாது, சூடும் ஏறக்கூடாது. பிராசஸரின் சூட்டைத் திரையின் ஓரத்தில் காட்டும் ஒரு நிரலைப் போட்டுக்கொண்டார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்ப்பார். ஏறினால் முகம் வாடும். இறங்கினால் டீ வரும். பாயம்மா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு என்னிடம் முறையிடுவார்.

“எனக்கு சிக்குன்குனியா வந்து பத்து நாளு படுத்திருந்தேன். ஒரு தடவ நெத்தில கைய வச்சுப் பாத்திருப்பாரா இந்த மனுசன்? அந்தப் பொட்டிக்கு மட்டும் நாழிக்கு நாழி ஜொரம் பாக்குறாரு!”

பாயம்மாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் பேசுவார். காலையில் தொடங்கினால் மாலைவரை நிற்காது. கத்தரிக்காயில் ஆரம்பித்து, மணப்பட்டில் மீன் வாங்கப் போன இடத்தில் யாருக்கோ நடந்த கல்யாணப் பேச்சுக்குப் போய், அங்கிருந்து தன் தங்கையின் மூட்டுவலிக்கு வந்து, மறுபடி கத்தரிக்காய்க்குத் திரும்புவார். காக்காவையும் பஸ்ஸையும் அரசாங்கத்தையும் ‘உஷ்’ என்று அடக்கிய அந்த மனிதர், பாயம்மாவை மட்டும் ஒருநாளும் அடக்கியதில்லை. ரெக்கார்டிங் நேரத்தில் அவரே எழுந்துபோய் வீட்டுக் கதவை மெதுவாகச் சாத்துவார். அவ்வளவுதான். ஏன் என்று நான் அப்போது யோசித்ததே இல்லை.

அடுத்து தூசி. சைக்கிள் கடையிலிருந்து காற்றடிக்கும் பம்பை வாங்கிவந்து பெட்டியைத் திறந்து அடித்தார். பல வருடப் புழுதி, ரெண்டு கரப்பான், பல்லி முட்டை ஒன்று. அறையே மறைந்துவிட்டது. புழுதி அடங்கியபோது வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர் எதிரில் நின்றார். பாய்க்குத் தாடியே கிடையாது. ஆனால் பலன் இருந்தது. சூடு இறங்கிற்று, ஃபேன் கொஞ்சம் நிதானமாயிற்று.

பிராசஸருக்கும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினியக் கட்டிக்கும் நடுவில் ஒரு பசை உண்டு. சூட்டைக் கடத்துவது அதுதான். எங்களுடையது காய்ந்து பொருக்காகிக் கிடந்தது. யாரோ சொன்னார்கள் என்று பற்பசையை எடுத்துத் தடவிவிட்டார் பாய். நான்கு நாள் பிரமாதம். அறை முழுக்கக் கிராம்பு வாசம். சூடும் ஏறவில்லை. ஐந்தாம் நாள் அது காய்ந்து வெடித்து, ஃபேன் பழையபடி அலறியது. பிறகு புதுச்சேரிக்குப் போய்ச் சரியான பசையையே வாங்கிவந்தார். பயறளவு போதும் என்று டப்பாவில் போட்டிருந்தது. இவர் முதலில் ரொட்டிக்கு ஜாம் தடவுகிற மாதிரி தடவி, அது நாலாபுறமும் வழிந்து, துடைத்து, மறுபடி பயறளவு வைத்து ஒரு பகல் போயிற்று.

அப்புறம் ரப்பர். ஃபேன் சுற்றும்போது பெட்டியே சேர்ந்து அதிர்கிறது என்று கண்டுபிடித்தார். ஃபேனின் திருகாணிகளைக் கழற்றிவிட்டு, சைக்கிள் டியூபை வெட்டி அந்த ரப்பர் வாரில் தொங்கவிட்டார். ஃபேன் தூளியில் ஆடும் குழந்தை மாதிரி சுற்றியது. பெட்டிக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டுமே? வீட்டில் இருந்த ரப்பர் செருப்புகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பாயம்மா பெருநாளுக்கு வாங்கிய புதுச் செருப்பைத் தேடி வந்து, மேசைக்கடியில் குனிந்து பார்த்து, என்னிடம் சொன்னார்: “நா வெறுங்காலோட நடக்கறேன். தொரை செருப்பு போட்டுக்கினு குந்தியிருக்காரு பாரு.”

இதற்கிடையே ஒருநாள் கம்ப்யூட்டர் சமையலறைக்கே குடிபோயிற்று. சுவரில் ஓட்டை போட்டு, நீள நீளமான ஒயர்களை இழுத்து, பெட்டியைப் பாயம்மாவின் மிளகாய்ப்பொடி டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்தார். எங்கள் பக்கம் அமைதி. அந்தப் பக்கம் வெள்ளிக்கிழமை, அடுப்பில் பிரியாணி தம். திரையோரத்தில் எண் ஏறிக்கொண்டே போயிற்று. பாய் தவித்தார். “இந்தா புள்ள, அந்த தம்ம கொஞ்சம் நிறுத்து, பிராசஸர் கொதிக்குது!” உள்ளேயிருந்து பாயம்மா குரல் வந்தது: “அரிசி வேவல. உங்க பிராசஸர் வெந்துடுச்சுன்னா அத்தயே துண்ணுங்க.”

மாலைக்குள் பெட்டி பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

இத்தனையும் எதற்கு என்று கேட்பீர்கள். திருவிழா அறிவிப்புக்கு இவ்வளவு அமைதி தேவையில்லைதான். ஆனால் அந்த வருடம் வேறொரு வேலை வந்திருந்தது. பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடங்களைக் குரலில் பதிவு செய்து கொடுக்கும் ஓர் அமைப்பிலிருந்து ஆட்கள் வந்து, ஒரு வகுப்பின் முழுப் பாடங்களையும் எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். பள்ளி திறப்பதற்குள் கொடுக்க வேண்டும். பாய் அந்தப் புத்தகங்களை இரண்டு கையாலும் வாங்கினார்.

“நமக்குன்னா கண்ணு இருக்குது, காது கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் ஓட்டிக்கலாம். அந்தப் புள்ளைங்களுக்குக் காதுதாம்மா எல்லாம். அதுல கொண்டுபோயி நம்ம மோட்டார் சத்தத்தக் கொட்டலாமா?”

படித்தேன். ஒரு பாடத்தைப் பதினான்கு முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் ஹெட்போனைக் காதில் அழுத்திக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார். “இருக்குது. அடியில மெல்லிசா ஓடுது.” எனக்குக் கேட்காது. என் காது பழுது, அவருடையது பாம்புக் காது என்றே நினைத்துக்கொண்டேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது.

கடைசியில் ஒருநாள் வெற்றிக்கான வழியையும் அவரே கண்டுபிடித்தார். கையளவு ஃபேன் தலைதெறிக்க ஓடுவதைவிட, தாம்பாளம் அளவு ஃபேன் சோம்பேறியாகச் சுற்றினால் அதே காற்று வரும், சத்தம் வராது. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டை வெட்டி, பெரிய ஃபேன் ஒன்றைப் பொருத்தி, அட்டையால் வழி அமைத்து, காற்றை நேராக அலுமினியக் கட்டியின்மேல் விட்டார். பிறகு பிராசஸரின் வேகத்துக்கும் ஒரு வரம்பு கட்டினார். “என் குரலைப் பதியறதுக்கு அது ராக்கெட்டா வுடணும்?” என்று நான் கேட்டதுதான் காரணம். வேலை குறைந்தது, சூடு குறைந்தது, ஃபேன் சுற்றுகிறதா இல்லையா என்பதைக் கையை வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“மில்லுல எங்க மொதலாளிக்கு இது தெரிஞ்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்” என்று சிரித்தார். கடை வைப்பதற்கு முன்னால் அவர் துணி மில் ஒன்றில் தறி ஓட்டியவர். இருபது வருடம். மில் மூடிய பிறகுதான் இந்த மைக்.

நான் படித்தேன். திரையில் என் குரலின் அலைகள் எழும்பின. நான் நிறுத்திய இடங்களில் கோடு நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடந்தது. ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். நீண்ட நேரம் கழித்துத் திறந்தார்.

“இருக்குதும்மா.”

“பாய், கோட்டைப் பாருங்க! நேராக் கெடக்குது!”

“கோடு பொய் சொல்லுது. எனக்குக் கேக்குதே.”

அதற்கப்புறம் அவர் மாறிப்போனார். கேலி குறைந்தது. காலையில் ஒரு சத்தமும் இல்லாத இடம் தேடி மொபெட்டை எடுத்துக்கொண்டு பாகூர் ஏரிக்கரைக்குப் போவார். திரும்பி வந்து, “அங்கயும் எவனோ தூரத்துல மோட்டார் போட்டிருக்கான்” என்பார். மணப்பட்டுக் கடற்கரைக்குப் போனார். “போட்டு இன்ஜின் சத்தம்.” சங்கராபரணி ஆற்றங்கரையில் செல்லிப்பட்டுவரைக்கும் போய்வந்தார். “கரும்பு மிஷினு ஓடுது.” கரும்பு வெட்டி முடிந்து மாதமாயிருந்தது.

“ஒரே ஒரு நிமிஷம்மா” என்றார் ஒருநாள். “ஒண்ணுமே கேக்காம ஒரு நிமிஷம் இருக்கணும். அது எப்பிடி இருக்கும்னே மறந்துபோச்சு.” பசித்தவர் சோற்றைப் பற்றிப் பேசுகிற குரலில் அதைச் சொன்னார். அப்புறம் மேசைமேல் இருந்த பாடப் புத்தகங்களை அடுக்கி என் பக்கம் தள்ளினார். “இத்த அவங்ககிட்ட திருப்பிக் குடுத்துடு. நல்ல எடத்துல பண்ணிக்கட்டும். கடைய மூடிடலாம்னு இருக்கேன். நீயும் வேற எடம் பாத்துக்கோ.”

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் வந்த முதல் கோபமும் கடைசிக் கோபமும் அதுதான். “எல்லாத்தையும் சரிபண்ணிட்டு மூடுறேங்கறீங்களே!” என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிற்று.

நடுப்பகல். திரை இருண்டது. முன்னறை மின்விசிறி நின்றது. பக்கத்துக் கடைப் பாட்டு நின்றது. பஸ் ஸ்டாண்டில் அந்த நேரத்துக்குப் பஸ்ஸே இல்லை. காக்காகூட எங்கேயோ போயிருந்தது. அந்த அறையில் அதுவரை நான் கேட்டிராத அமைதி. என் மூச்சு எனக்குக் கேட்டது.

பாய் அதைக் கவனிக்கவில்லை. அவர் மண்டியிட்டு, மேசைக்கடியில் தலையை விட்டு, பெட்டியின்மேல் காதை வைத்துக்கொண்டிருந்தார்.

“வா, வந்து கேளு. நா பொய்யா சொல்றேன்? இப்பவும் உறுமுதா இல்லையா?”

கரண்ட் போனதைச் சொல்ல வீட்டிலிருந்து வந்த பாயம்மா கதவோரம் நின்றிருந்தார். வாய் திறந்திருந்தது. வார்த்தை வரவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“பாய்” என்றேன். “கரண்ட் இல்ல.”

“இன்னா?”

“கரண்ட் போயிடுச்சு பாய். அது ஓடலை.”

அவர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். விரலை உள்ளே விட்டு ஃபேனைத் தொட்டார். அது நின்றிருந்தது. அதைத் தள்ளிவிட்டார். ஒரு சுற்று சுற்றி நின்றது. மெல்ல எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி எங்களைப் பார்த்துக் கேட்டார்.

“அப்ப இது எங்க ஓடுது?”

பாயம்மா வந்து அவருடைய காதின்மேல் கையை வைத்தார். “இங்கதாங்க ஓடுது. தறி. நீங்க இன்னும் மில்லுலேருந்து வூட்டுக்கு வரல.”

இரண்டு நாள் கழித்துப் புதுச்சேரிக்கு மூவரும் போனோம். டாக்டர் சத்தம் புகாத ஒரு கூண்டுக்குள் உட்காரவைத்துக் காதைச் சோதித்தார். வெகுகாலம் பெருஞ்சத்தத்தில் இருந்ததால் உள்காது தேய்ந்திருக்கிறது, அந்த இரைச்சல் முழுசாகப் போகாது, ஆபத்தும் இல்லை என்றார். “ரொம்ப அமைதியான எடத்துல இருக்காதீங்க. அங்கதான் அது பெருசாக் கேக்கும். பக்கத்துல மெல்லிசா, நிக்காம ஏதாவது ஒரு சத்தம் இருக்கட்டும். உங்களுக்குப் பிடிச்ச சத்தமா.”

வாழ்நாள் முழுக்க ‘உஷ்’ சொன்னவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட மருந்து, சத்தம். எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பயம் போய்விட்டது.

திரும்பும் பஸ்ஸில் பாய் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பாயம்மாதான் பேசினார். டாக்டர் அம்மாவின் புடவை, ஆஸ்பத்திரி வாசலில் விற்ற கொய்யா, தங்கையின் மூட்டுவலி, கொய்யா. அரியாங்குப்பம் போயிற்று, தவளக்குப்பம் போயிற்று. கிருமாம்பாக்கம் தாண்டும்போது பாய் திடுக்கென்று நிமிர்ந்தார்.

“இந்தா புள்ள, நீ எங்கேருந்து பேசிக்கினு வர்ற?”

“ஏன், பஸ் ஏறுனதுலேருந்துதான். அதுக்கு இன்னா இப்ப?”

“இவ்ளோ நேரம் எனக்கு அந்தத் தறி கேக்கல.”

பாயம்மாவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, மிச்சமிருந்த வழி முழுக்க கொய்யாவைப் பற்றியே பேசினார். பாய் என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னார். “இருவது வருஷம் தறிச் சத்தத்துல இவ சொன்னது ஒண்ணும் காதுல வுழல. மில்லு மூடுன அன்னிக்கு வூட்டுக்கு வந்தேன். அன்னிக்குத்தான் இவ கொரலு எப்பிடி இருக்கும்னு நிம்மதியா கேட்டேன். எப்பிடிம்மா இவள உஷ்னு சொல்றது?”

மறுநாள் காலை நான் கடைக்குப் போனபோது, முன்னறையில் பாயம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தது. மடியில் முறம், அதில் முருங்கைக்கீரை. உள்ளே பாய் கம்ப்யூட்டர் முன்னால் குத்துக்காலிட்டு, பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். “மன்னிச்சுக்கோடா. இத்தன நாளா ஒம்மேல பழி போட்டுட்டேன்” என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அது சத்தமே போடவில்லை.

பாடங்களைப் பதிவு செய்தோம். நான் படிக்கும்போது பாயம்மா கதவைச் சாத்திக்கொண்டு வாயை மூடி இருப்பார். அது அவருக்கு நோன்பைவிடக் கஷ்டம். ஒரு பாடம் முடிந்ததும் கதவு படாரென்று திறக்கும், அடைத்துவைத்த பேச்சு எல்லாம் ஒரேயடியாக உள்ளே வரும், பாயின் முகம் தெளியும். சத்தம் இருக்கிறதா இல்லையா என்பதை அதன்பிறகு அவர் தீர்மானிக்கவில்லை. என்னைப் பார்ப்பார். நான் தலையசைத்தால் அடுத்த பாடம். பள்ளி திறப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம்.

அதற்கடுத்த வருடம் என் கணவருக்குச் சென்னையில் வேலை. நான் இப்போது இங்கே ஒரு ஸ்டூடியோவில் குரல் கொடுக்கிறேன். சுவரெல்லாம் தடித்த பஞ்சு. கம்ப்யூட்டர் எங்கேயோ வேறு மாடியில் இருக்கிறது. கதவைச் சாத்தினால் உலகமே அணைந்துவிடும். பாய் தேடித்தேடி அலைந்த அமைதி எனக்குத் தினமும் கிடைக்கிறது. அதற்குள் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கம் யாராவது முருங்கைக்கீரை ஆய்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் பையன் நல்லவன்தான். எல்லாவற்றுக்கும் ‘ஓகே மேடம்’ என்கிறான். பதினான்கு முறை படிக்கச் சொல்ல இங்கே யாரும் இல்லை.

போன மாதம் மகளுக்குப் பள்ளி விடுமுறை. ஊருக்குப் போனேன். பாகூரில் இறங்கி நேராகக் கடைக்குத்தான். பாய் இன்னும் கொஞ்சம் மெலிந்திருந்தார். ரெக்கார்டிங் குறைந்துவிட்டது. ஆட்டோக்காரர்கள் இப்போது செல்போனிலேயே பேசிப் பதிந்துகொள்கிறார்களாம். பாயம்மா என்னைக் கண்டதும் ஆரம்பித்தார். என் உடம்பு இளைத்தது, சென்னைத் தண்ணீர், மகளின் உயரம், மணப்பட்டில் இப்போது வஞ்சிரம் வரத்தே இல்லை என்பது. பாய் பக்கத்தில் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். என்ன நினைத்தாரோ, திடீரென்று கையை நீட்டிப் பாயம்மாவின் மணிக்கட்டைத் தொட்டார்.

“இந்தா புள்ள, கொஞ்சம் இரு. இந்தப் பொண்ணு பேசட்டும். அது கொரலக் கேட்டு ரொம்ப நாளாவுது.”

பாயம்மா நிறுத்தினார். அறை அமைதியாயிற்று. அந்த அமைதியில் பாய்க்குள் தறிகள் எவ்வளவு பெரிதாக ஓட ஆரம்பித்திருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயிரம் அறிவிப்பு படித்தவள் நான். “சாப்டீங்களா பாய்?” என்று மட்டும் கேட்டேன்.